நகலின் உடம்பு: வடிவேல் பாலாஜியை முன்வைத்து

2020 செப்டம்பர் 10ஆம் தேதி. ஊரடங்கு தளர்ந்து டீக்கடைகளில் மறுபடியும் பெஞ்சு எடுத்துப் போட ஆரம்பித்திருந்த நேரம். பழங்காநத்தத்தில் நான் வழக்கமாக நிற்கிற கடைக்கு வண்டியை நிறுத்தியும் நிறுத்தாமலும் வந்த ஒருவர், "வடிவேலு செத்துட்டாராம்ப்பா" என்றார். கடை அப்படியே நின்றுபோனது. டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்திவிட்டு, "எந்த வடிவேலு?" என்று கேட்டார். அதற்குள் ஒரு பையன் செல்பேசியைப் பார்த்துவிட்டான். "அவரு இல்லண்ணே. டிவில அவரு மாதிரியே செய்வாருல்ல, பாலாஜி, அவரு." "அட, டூப்பா? அதானே பாத்தேன்" என்றார் செய்தி கொண்டுவந்தவர். கடை மூச்சு விட்டது. ஒருவர் வாய்விட்டே "அப்பாடி" என்றார்.

நானும்தான் மூச்சு விட்டேன். வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. செத்தவர் நம்ம ஊர்க்காரர். வயது நாற்பதுகளில். பதினைந்து வருஷமாக நம் வீட்டுக் கூடத்துக்குள் வந்து சிரிக்க வைத்தவர். அவர் சாவைக் கேட்டு அவர் ஊரே ஆறுதல் பெருமூச்சு விடுகிறது, செத்தது 'அசல்' இல்லை, நகல்தான் என்று. ஒரு கலைஞனுக்கு இதைவிட மோசமான அஞ்சலி இருக்க முடியுமா என்று தெரியவில்லை. அந்த 'அப்பாடி'யை எங்கே கற்றுக்கொண்டோம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

வாழ்க்கைக் குறிப்பு என்று எழுத உட்கார்ந்தால் நாலு வரியில் முடிந்துவிடும். பாலாஜி மதுரைக்காரர். மேடைகளில் பலகுரல் நிகழ்ச்சி செய்து வந்தவர். நடிகர் வடிவேலுவைப் போலச் செய்ததால் 'வடிவேல் பாலாஜி' ஆனார். விஜய் தொலைக்காட்சியின் 'கலக்கப்போவது யாரு' வழியாகத் தமிழ்நாட்டுக்குத் தெரிய வந்து, 'அது இது எது' நிகழ்ச்சியில் ஆளாகி, சில படங்களில் சின்ன வேஷம் கட்டி, மாரடைப்பில் படுத்து, சென்னை அரசு மருத்துவமனையில் இறந்தார். தனியார் மருத்துவமனையில் செலவு தாங்காமல்தான் அங்கே மாற்றப்பட்டார் என்று அன்றைய செய்திகள் சொல்லின. இந்த நாலு வரிக்குள் ஒரு நூற்றாண்டுக் கலை வரலாறும், ஒரு பேச்சுமொழியின் உடைமைத் தகராறும், கொஞ்சம் சாதியும், நிறைய வயிற்றுப்பாடும் கிடக்கின்றன.

முதலில் ஒரு தப்பபிப்பிராயத்தைக் களைந்துவிட வேண்டும். தனியாக ஒரு ஆள் மைக் முன்னால் நின்று பேசிச் சிரிக்க வைப்பது அமெரிக்காவிலிருந்து சென்னை வழியாக வந்த கலை என்று இப்போது ஒரு பேச்சு நடக்கிறது. குளிர்சாதன அரங்கில், பாதி ஆங்கிலத்தில், மாமியார் பற்றியும் மென்பொருள் அலுவலகம் பற்றியும் பேசுகிறவர்கள்தான் அந்தக் கலையின் தமிழ்ப் பிரதிநிதிகளாம். மதுரைக்காரனுக்கு இது சிரிப்பாக இருக்கும். சங்கரதாஸ் சுவாமிகள் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவை 1918இல் மதுரையில் தொடங்கியதற்குப் பிறகும், 1923இல் இங்கே நாடக நடிகர் சங்கம் அமைந்ததற்குப் பிறகும், சுற்றுவட்டாரக் கிராமங்களின் கோயில் திடல்களில் 'ஸ்பெஷல் நாடகம்' நடந்துகொண்டேதான் இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு ஆர்மோனியத்தில் சுருதி ஏறியதும் முதலில் வந்து நிற்கிறவர் வள்ளியோ முருகனோ இல்லை, பபூன். கூட யாரும் கிடையாது. கூட்டம் இன்னும் சரியாக உட்கார்ந்திருக்காது. பிள்ளைகள் அழும், வெளக்குக் கம்பத்தடியில் வடை வேகும். அந்த இரைச்சலைத் தன் ஒற்றை வாயால் கட்டி நிறுத்துவது பபூனின் பொறுப்பு. பின்னால் வரும் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் விடிய விடிய வாதம் பண்ணி வாங்கப்போகிற கைதட்டலுக்கு நிலத்தை உழுது கொடுக்கிறவர் அவர்தான்.

இதை நம் ஆட்கள் எழுதியதைவிட நுணுக்கமாக எழுதியவர் சூசன் சைசர் என்ற அமெரிக்க மானிடவியலாளர். மதுரையில் தங்கி இந்த நடிகர்களோடு பழகி அவர் எழுதிய நூல் 2005இல் வெளிவந்தது. ஊர் முழுக்கக் கைதட்டும், ஆனால் நாடகக்காரர்களை 'முறை இல்லாதவர்கள்' என்று தள்ளியும் வைக்கும் என்ற முரணை அவர் பிடித்துக் காட்டுகிறார். (தமிழ் எம்.ஏ. பாடத்திட்டத்தில் எனக்கு இரண்டு வருஷமும் நாடகம் என்றால் 'மனோன்மணீயம்'தான். எங்கள் கல்லூரியிலிருந்து நாலு கிலோமீட்டரில் வள்ளி திருமணம் நடந்துகொண்டிருந்தது.)

பபூனின் இந்த இடம் எப்படிப் பிரிந்தது என்பதைப் பார்க்க வேண்டும். ஒரு கிளை பட்டிமன்ற மேடைக்குப் போனது. சாலமன் பாப்பையாவும் ராஜாவும் மதுரைத் தமிழைக் கண்ணியமான சிரிப்பாக ஆக்கினார்கள். வேட்டி மடிப்புக் கலையாத சிரிப்பு. பேராசிரியர்களின் சிரிப்பு. பாப்பையாவுக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது, கிடைக்க வேண்டியதுதான், அதில் எனக்குப் புகார் இல்லை. இன்னொரு கிளை திருவிழாவின் 'ஆடல் பாடல்' மேடையில் கிடந்தது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே ஆட்டக்காரர்கள் உடை மாற்றுகிற பத்து நிமிஷத்தை ஒப்பேற்ற வருகிற பலகுரல் ஆள். இந்தச் சிரிப்புக்குப் பட்டயம் கிடையாது. காவல்துறை அனுமதி மறுக்கும், ஊர்க்காரர்கள் உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்கு மனுப் போடுவார்கள், ஆபாசம் கூடாது, சாதி, கட்சி சார்ந்த பாட்டு கூடாது, இத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு அனுமதி வரும். பட்டிமன்றத்துக்கு யாரும் இப்படி நீதிமன்றப் படி ஏறியதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஒரே ஊர், ஒரே பேச்சு. ஒன்று பண்பாடு, இன்னொன்று சட்டம் ஒழுங்குப் பிரச்சனை.

சோழவந்தான் பக்கத்தில் எங்கள் அம்மாச்சி ஊரில், எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயதிருக்கும், முளைப்பாரிக்கு மறுநாள் ராத்திரி அப்படி ஒரு ஆளைப் பார்த்தேன். ரயில் வந்தது, நாய் குரைத்தது, எம்.ஜி.ஆர். பேசினார், ரஜினி பேசினார். கடைசியாக வடிவேலு. அதுவரைக்கும் 'ஆகா, எம்.ஜி.ஆர். மாதிரியே' என்று ரசித்த கூட்டம், வடிவேலு குரல் வந்ததும் வேறு மாதிரி சிரித்தது. யோசித்துப் பார்த்தால் காரணம் எளிது. எம்.ஜி.ஆர். குரல் வெளியூரிலிருந்து வந்த விருந்தாளி. வடிவேலு குரல் எங்கள் தெருவிலேயே இருந்தது. என் பெரிய மாமா பேசுவதும் அப்படித்தான். "ஏன்டா இங்கிட்டு வந்து நின்னுக்கிட்டு" என்று அவர் ஆரம்பித்தால் அத்தைகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். அந்த மாமா வடிவேலு படம் எதையும் பார்த்தவர் இல்லை.

அப்படியென்றால் அந்தக் குரல் யாருடையது? மதுரையில் கண்ணாடி வெட்டிப் படங்களுக்குச் சட்டம் போடும் தொழிலில் இருந்த வடிவேலு, 'என் ராசாவின் மனசிலே' (1991) வழியாக அறிமுகமாகி, இந்த ஊரின் தெருப்பேச்சைச் சட்டம் போட்டுத் தமிழ்நாட்டுச் சுவரில் மாட்டினார். அது பெரிய காரியம். அதுவரை சினிமாவில் மதுரைப் பேச்சு என்றால் அரிவாளின் பேச்சு. வடிவேலுதான் அதை அடி வாங்குகிறவனின் பேச்சாக மாற்றினார். ஆனால் அதற்குப் பிறகு நடந்தது விபரீதம். மதுரைக்காரன் எவன் வாயைத் திறந்தாலும் "என்னப்பா, வடிவேலு மாதிரியே பேசுற" என்றார்கள். சென்னையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் எனக்கே இது நடந்தது. சொந்தக்காரன் வீட்டில் குடியிருப்பவன் போல ஆகிவிட்டான்.

பாலாஜியின் வாழ்க்கையை இங்கே வைத்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். அவர் அந்நியக் குரல் ஒன்றைப் பாவனை செய்யவில்லை. தன் ஊரின் பேச்சைத் தொலைக்காட்சியில் பேசுவதற்கு அவருக்கு ஒரு அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. அந்தச் சீட்டு இன்னொருவர் பெயரில் இருந்தது. அதைத் தன் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு உள்ளே போனார். பெயருக்கு முன்னால் ஒட்டுவது நம் நாடக மரபில் புதுசில்லை, 'கள்ளபார்ட்' நடராஜன் என்று ஒரு நடிகரே இருந்தார். ஆனால் கள்ளபார்ட் என்பது ஒரு வேஷம். அதை எவரும் கட்டலாம், கட்டியவர் அதில் பேர் வாங்கலாம். மதுரை முத்து பெயருக்கு முன்னால் ஊர் இருக்கிறது. உடம்பு முழுக்க வெள்ளிச் சாயம் பூசி இயந்திரம்போல ஆடி மேடை மேடையாகச் சுற்றிய சங்கர் 'ரோபோ' சங்கர் ஆனார், அவர் பெயருக்கு முன்னால் ஒரு இயந்திரம். பாலாஜிக்கு மட்டும் இன்னொரு உயிருள்ள மனிதர். ஊர் உங்களைத் திருப்பிக் கேட்காது. இயந்திரம் சாகாது. மனிதர் விஷயம் அப்படியில்லை.

மதுரையில் 'லந்து' என்று ஒரு சொல் புழங்குகிறது. கேலி, கிண்டல், நக்கல், நையாண்டி எதுவும் அதற்குச் சரியீடு கிடையாது. லந்துக்கு எதிரில் ஒரு ஆள் வேண்டும், சுற்றி நாலு பேர் வேண்டும், லந்து கொடுக்கிறவன் முகம் மட்டும் கல் மாதிரி இருக்க வேண்டும். டவுனில், யார் யாரென்று தெரியாத டீக்கடையில், யாரும் யாருக்கும் லந்து கொடுக்கலாம். மேலூர்ப் பக்கமோ உசிலம்பட்டிப் பக்கமோ போய் ஆள் தெரியாமல் லந்து கொடுத்துவிட முடியாது. யார் யாரைப் பார்த்துச் சிரிக்கலாம் என்பதற்குச் சமவெளிக் கிராமங்களில் எழுதாத சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தை மீறினால் என்ன நடக்கும் என்பதற்கு இங்கே காவல் நிலையக் கோப்புகள் சாட்சி. வடிவேலுவின் சினிமா உடம்பு இந்தச் சட்டத்தின் மேல்தான் எழுந்தது. லந்து கொடுக்கத் தகுதியில்லாத ஒருவன் உதார் விடுகிறான், உடனே உதை விழுகிறது. 'வின்னர்' (2003) கைப்புள்ள தொடங்கி இதுதான் கதை. அதற்கும் முன்னால், 'தேவர் மகன்' (1992) இசக்கிக்கு அது சிரிப்பாகக்கூட இல்லை. பெரிய வீட்டுப் பிள்ளை சொன்னதைக் கேட்டுக் கோயில் பூட்டைத் திறந்ததற்கு இசக்கியின் கை போய்விடுகிறது. பெரியவர்கள் சண்டையில் கோமாளி கொடுத்த விலை.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நான்கு நிலைக்களன் சொல்கிறது. எள்ளலுக்கு உரை எழுதும் பேராசிரியர் அதை இரண்டாகப் பிரிப்பார். தான் பிறரை எள்ளிச் சிரிப்பது ஒன்று. பிறர் தன்னை எள்ளும்போது தானே சிரிப்பது இன்னொன்று. இரண்டாவதைப் பற்றி நம் இலக்கிய விமர்சனம் அதிகம் யோசித்ததில்லை. பக்தினின் 'களியாட்டம்' பற்றி நாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம், அடித்தளச் சிரிப்பு அதிகாரத்தைத் தலைகீழாக்குகிறது என்று. சரி. ஆனால் தன்னை எள்ளுவதற்குத் தானே கூலி வாங்கி, எள்ளப்படும்போது கூடச் சேர்ந்து தானும் சிரிக்க வேண்டியவனின் சிரிப்பு எந்த அதிகாரத்தைத் தலைகீழாக்குகிறது?

'அது இது எது'வின் 'சிரிச்சா போச்சு' சுற்றை நினைத்துப் பாருங்கள். முதலில் சிவகார்த்திகேயனும் பிறகு மா.கா.பா. ஆனந்தும் நடத்திய நிகழ்ச்சி. சினிமா, சின்னத்திரைப் பிரபலங்கள் மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள். பாலாஜி, ராமர் போன்ற கலைஞர்கள் எதிரில் வந்து என்னென்னவோ செய்வார்கள். உட்கார்ந்திருக்கிறவர் சிரித்தால் தோற்றார், சிரிக்காமலிருந்தால் மதிப்பெண். இந்த விளையாட்டின் விதியை நிதானமாக யோசித்தால் திகைப்பாக இருக்கிறது. சிரிப்பு இங்கே தோல்வி. மேடையில் உருண்டு புரள்கிறவனுக்கு வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. மதிப்பெண் பட்டியலில் அவன் பெயரே கிடையாது. அவன் உழைப்பு முழுவதும் எதிரில் இருக்கிற முகத்தின் மேல் ஒரு சுருக்கம் விழ வைப்பதற்கு. பபூனுக்கு எதிரில் கூட்டம் இருந்தது. கூட்டம் சிரித்தால் பபூன் ஜெயித்தான், கல் எறிந்தால் தோற்றான். இங்கே கூட்டத்தின் இடத்தில் ஒரு சோபா. அதில் தன்னை அடக்கிக்கொள்ளத் தெரிந்த மனிதர். ஆட்டத்தின் சுவாரசியமே மேல்தட்டு முகம் ஒன்று எவ்வளவு நேரம் இளகாமல் இருக்கிறது என்பதுதான்.

இதற்குள்ளும் பாலாஜி ஒரு காரியம் செய்தார், அதைச் சொல்லாமல் போனால் நான் வெறும் கோட்பாடு பேசுகிறவன் ஆவேன். அவர் வடிவேலுவை அப்படியே ஒப்பிக்கவில்லை. படத்தில் வந்த வசனத்தை அதே ஏற்ற இறக்கத்தோடு சொல்லுகிற பலகுரல்காரர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பாலாஜி, வடிவேலு பேசாத வசனங்களை வடிவேலுவாகப் பேசினார். இந்தச் சூழ்நிலையில் அந்த ஆள் மாட்டிக்கொண்டால் என்ன சொல்வார் என்பதை அந்தக் கணத்தில் உண்டாக்கினார். எதிராளி ஒரு வார்த்தை விட்டால் அதைப் பிடித்து மேலே ஏறினார். இது ஸ்பெஷல் நாடகக்காரர்களின் வித்தை. அங்கே ஒத்திகை கிடையாது. ஒவ்வொருவரையும் தனித்தனியாக 'ஸ்பெஷலாக' அமர்த்துவார்கள். மேடையில்தான் ஒருவரை ஒருவர் சந்தித்து வாதத்தை வளர்ப்பார்கள். வார்ப்பு ஒன்றிருக்க, அதற்குள் பேச்சைப் பெருக்கும் அந்தத் திறன் தொலைக்காட்சியில் வேறு வேஷத்தில் உயிரோடு இருந்தது. நகல் என்ற சொல் இதற்குப் போதாது. இலக்கணத்தைக் கற்றுக்கொண்டு புது வாக்கியம் பேசுகிறவனை யாரும் நகல் என்று சொல்வதில்லை.

அதோடு கால வேடிக்கை ஒன்றும் சேர்ந்துகொண்டது. 2011 சட்டமன்றத் தேர்தலில் வடிவேலு தி.மு.க.வுக்காக, இன்னொரு மதுரைக்காரரான விஜயகாந்தைத் தாக்கிப் பிரச்சாரம் செய்தார். அணி தோற்றது. வாய்ப்புகள் வற்றின. 'தெனாலிராமன்' (2014), 'எலி' (2015), பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில படங்கள். 'இம்சை அரசன் 24ம் புலிகேசி' தகராறுக்குப் பிறகு அதுவும் இல்லை. 2021இல்தான் பிரச்சனை தீர்ந்தது, 2022 டிசம்பரில் 'நாய் சேகர் ரிட்டர்ன்ஸ்' வந்தது. ஏறக்குறைய இந்தப் பத்தாண்டு அசல் வாய் மூடியிருந்தது. ஆனால் தமிழ்நாடு வடிவேலு இல்லாமல் ஒருநாள்கூட இருக்கவில்லை. ஒரு பக்கம் நகைச்சுவை அலைவரிசைகளில் பழைய காட்சிகளும் செல்பேசியில் மீம்களும் ஓடின. 2019 மே மாதக் கடைசியில் 'பிரெண்ட்ஸ்' (2001) படத்துக் காண்ட்ராக்டர் நேசமணிக்காக உலகமே பிரார்த்தனை செய்த கூத்து நினைவிருக்கும். அது உடம்பு இல்லாத வடிவேலு. வியர்க்காத, மூப்படையாத, சம்பளம் கேட்காத படம். இன்னொரு பக்கம் பாலாஜி, உடம்புள்ள வடிவேலு. வாரா வாரம் வேஷம் கட்டி, விழுந்து எழுந்து, புதுசாக எதையாவது பேசி, அந்தக் குரலைச் சூடு ஆறாமல் வைத்திருந்தவர்.

வால்டர் பெஞ்சமின் 1930களில் எழுதியது, இயந்திரம் கலையை நகலெடுக்க ஆரம்பித்ததும் அசலின் ஒளிவட்டம் என்ன ஆகிறது என்பது பற்றி. இங்கே நடந்தது அதன் மறுதலை. இயந்திரம் எடுத்த நகலை ஒரு மனித உடம்பு கையால் திரும்ப நகலெடுத்தது. கேமராவில் ஒருமுறை விழுந்தவர் எத்தனை ஆயிரம் தடவை திரையிட்டாலும் மறுபடி விழ வேண்டியதில்லை. பாலாஜி ஒவ்வொரு தடவையும் நிஜமாகவே விழ வேண்டியிருந்தது.

அவர் செய்ததெல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. சேலை கட்டி வந்த வேஷங்களில் பாதிக்கு மேல் எனக்கு இப்போது பார்க்கச் சங்கடமாக இருக்கிறது. கறுத்த ஆண் உடம்பு பெண் உடை போட்டதே நகைச்சுவை என்று நினைக்கிற சோம்பேறித்தனம் அந்த நிகழ்ச்சிகளின் அடித்தளம். திருநங்கைகளை அது எங்கே நிறுத்தியது என்று அவர்களிடமே கேட்க வேண்டும். ஒருகாலத்தில் பாய்ஸ் கம்பெனிகளில் ஸ்திரீபார்ட் போட்ட பையன்களைப் பார்த்து ஊர் மயங்கியது. தொலைக்காட்சிக்கு வந்தபோது அந்த மயக்கம் போய் இளிப்பு மட்டும் மிஞ்சியது. நிறத்தையும் பல்லையும் மூக்கையும் வைத்துத் தன்னைத்தானே எள்ளிக்கொள்வதும் இதே கணக்குதான். எழுதியவர்கள், இயக்கியவர்கள், இடைவேளையில் விளம்பரம் விற்றவர்கள் எல்லோருக்கும் இதில் பங்குண்டு. ஆனால் திரையில் தெரிந்தது பாலாஜியின் முகம், ஆகவே பழியும் அந்த முகத்துக்கே. அஞ்சலி எழுதும்போது இதை மறைத்தால் அவரை மறுபடி ஒரு படமாக்குகிறோம் என்று அர்த்தம்.

இதே படியில் ஏறி வெளியே போனவர்களும் உண்டு. சிவகார்த்திகேயன் அந்தப் போட்டியில் பல குரல் பேசித்தான் வந்தார். பல குரல் பேசியவர் எந்தக் குரலோடும் கட்டப்படவில்லை என்பது முக்கியம். பொறியியல் படிப்பு, நாசூக்கான பேச்சு, கதாநாயகனுக்கு ஒத்துவருகிற முகம். அவர் தொகுப்பாளரானார், நாயகரானார். பாலாஜி இறந்தபோது பிள்ளைகளின் படிப்புச் செலவை அவர் ஏற்றுக்கொண்டதாகச் செய்தி வந்தது. நல்ல மனசு, மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு தொழிலில் பதினைந்து வருஷம் உழைத்தவரின் பிள்ளைகள் படிப்பு, பழைய சகா ஒருவரின் நல்ல மனசைச் சார்ந்திருக்க வேண்டியிருப்பது அந்தத் தொழிலைப் பற்றிய செய்தி. பலகுரல்காரன் யார்? நாட்டுப்புறக் கலைஞனா, சினிமாத் தொழிலாளியா, தொலைக்காட்சி ஊழியனா? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாததால்தான் அவனைக் கைவிடுவது எல்லோருக்கும் சுலபமாக இருக்கிறது.

அந்த வருஷம் சித்திரைத் திருவிழாவே நடக்கவில்லை. மீனாட்சி கல்யாணத்தை மக்கள் வீட்டிலிருந்து திரையில் பார்த்தார்கள், அழகர் வைகையில் இறங்கவில்லை. அழகருக்கே அந்தக் கதி என்றால் அழகரை நம்பிப் பிழைக்கிற மேடைக்காரர்கள் கதியைச் சொல்ல வேண்டாம். பங்குனியிலிருந்து ஆடி வரைக்குமான திருவிழாக் காலம்தான் இவர்களுக்கு வருஷ வருமானம். அது மொத்தமாகப் போனது. அடுத்த வருஷமும் போனது.

2023இல் 'மாமன்னன்' வந்தது. வடிவேலு சிரிக்காமல் நடித்தார். இசக்கி என்ன ஆனான் என்ற கேள்வியிலிருந்து அந்தப் பாத்திரம் பிறந்ததாக மாரி செல்வராஜ் சொன்னார். நாம் எல்லோரும், நான் உட்பட, நெகிழ்ந்து எழுதினோம். முப்பது வருஷம் சிரிக்க வைத்தவருக்குள் இவ்வளவு துக்கம் இருந்ததா என்று வியந்தோம். சிரிப்பைக் கழற்றி வைத்த பிறகுதான் ஒரு கோமாளியைக் கலைஞன் என்று ஒப்புக்கொள்கிற புத்தி நம்முடையது. அசலுக்கு அந்த அங்கீகாரம் தாமதமாகவாவது வந்தது. நகலுக்கு அப்படி ஒரு கதாபாத்திரத்தை யாரும் எழுதப்போவதில்லை என்பதோடு, எழுதியிருந்தாலும் அவர் சிரிக்காமல் நின்றால் அது யாருடைய முகமாக இருந்திருக்கும் என்பதுகூட நமக்குத் தெரியாது.

2025 செப்டம்பர் 18ஆம் தேதி ரோபோ சங்கரும் போனார், 46 வயதில். அதற்கு முன்னால் 2023இல் கோவை குணா. ஒரே தொழில், ஏறக்குறைய ஒரே தலைமுறை. சங்கருக்கு அஞ்சலி பெரிதாக நடந்தது, அவர் 'மாரி' (2015), 'விஸ்வாசம்' (2019) என்று சினிமாவில் நின்றுவிட்டவர். செய்தி வந்தபோது நல்லவேளையாக யாரும் 'அப்பாடி' சொல்லவில்லை.

போன பங்குனியில் பெரியார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பையனைப் பார்த்தேன். இருபத்திரண்டு வயதிருக்கும். நண்பர் ஒருவர் அழைத்து வந்திருந்தார், மேடைகளில் பலகுரல் பண்ணுகிறவன் என்று. யார் யார் குரல் வரும் என்று கேட்டேன். வரிசையாகச் சொன்னான். இருபத்தேழு பேர். "வடிவேல் பாலாஜி வருமா தம்பி?"

சிரித்தான். "அது வடிவேலு சார் குரல்தானண்ணே. அதுல தனியா என்ன இருக்கு?" டீயைக் கொஞ்சம் ஊதினான். "அவரு சும்மா இருக்கயில எப்படிப் பேசுவாருன்னு தெரிஞ்சா எடுத்துரலாம்ண்ணே. யூடியூபுல தேடிப் பாத்தேன், எல்லாத்துலயும் அவரு குரலத்தான் பேசுறாரு."

எவர் குரலை என்று நான் கேட்கவில்லை. கள்ளிக்குடிப் பக்கம் அன்றைக்கு ராத்திரி அவனுக்கு நிகழ்ச்சி இருந்தது, ஏழு மணிப் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிட்டான்.